ஆறு பல்லுன்னு எழுதிக் குடுத்த தர்மவான்

வா மாப்பிள்ளை, இப்படித் திண்ணையில உக்காரு. நீ குடுத்துட்டுப் போன காயிதத்தைக் கண்ணாடி மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேன். படிக்கப் படிக்கக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இத்தனை பெரிய தர்மவானை என்ற தங்கச்சி பெத்து வெச்சிருக்கறா, நானும் இத்தனை நாளா உன்னை ஒரு கஞ்சன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!

தேங்காய் மட்டை உரிக்கற மெஷின் செஞ்சே, நெம்ப சந்தோசம். அதுக்குப் பேட்டன்ட் எழுதிப் போடப் போறே, அதுவும் சந்தோசம். பேட்டன்ட் ஏஜென்டுக்குக் குடுக்கற காசை மிச்சம் புடிச்சு நீயே எழுதினே பாரு, அங்கேதான் உன்ற தர்மம் ஆரம்பிக்குது. கடைசிப் பக்கத்துல ‘கிளெய்ம் 1’ன்னு தலைப்புப் போட்டு என்ன எழுதியிருக்கறே? ‘அரைக் குதிரைத்திறன் மோட்டாரால் எதிரெதிராகச் சுழலும், ஆறு வரிசைப் பற்கள் கொண்ட இரண்டு எஃகு உருளைகளும், அவற்றின் மேல் செங்குத்தாகப் பொருத்தப்பட்ட, பச்சை வண்ணம் பூசிய அழுத்துக் கையும் உடைய இயந்திரம்.’

அடேயப்பா! கணபதியில உன்ற பட்டறைக்கு எதுத்த பட்டறைக்காரன் இதைப் படிச்சா, பொங்கலுக்கு உனக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுப்பான். அவன் அஞ்சு வரிசைப் பல்லு வெப்பான். முக்கால் குதிரைத்திறன் மோட்டார் மாட்டுவான். மஞ்சப் பெயின்ட் அடிப்பான். உன்ற மெஷின் உரிக்கற அதே வேகத்துல அதுவும் உரிக்கும். ஒரு கிளெய்ம்ல நீ எத்தனை சங்கதி எழுதறியோ, அத்தனையும் அவன் மெஷின்ல இருந்தாத்தான் அவனை நேராக் கூண்டுல நிறுத்த முடியும். ஒண்ணு கொறைஞ்சாலும், ‘அது வேற, இது வேறைங்க சாமி’ன்னு கும்பிடு போட்டுட்டு நழுவப் பார்ப்பான். வார்த்தையைக் கூட்டக் கூட்ட உரிமையும் கூடும்னு நீ நெனச்சுட்டே. கூடறது வார்த்தை மட்டும்தான், உரிமை சுருங்கிக்கிட்டே வரும்.

‘மாமனுக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்’னு நீ வாய்க்குள்ளயே முனகறது கேக்குது. ஒரு மண்ணும் தெரியாது. ஆனா சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதி எழுதியே கெழவனானவன் நான். கிளெய்முங்கறது என்னன்னு பேத்தி விளக்கம் சொன்னதும், ‘அட, பத்திரத்துல நாலு எல்லை எழுதற நம்ம செக்குபந்திதானே இது’ன்னு சொல்லிட்டேன். அவ மெட்ராஸ்ல சட்டம் படிக்கறா. லீவுல வந்தா, மத்தியானத்துல எனக்குத் தூக்கம் வர்றதுக்காகத் தீர்ப்புகளைப் படிச்சுக் காட்டுவா. எங்கே தூக்கம் வருது? கூத்து மாதிரியல்ல இருக்குது.

1970ஆம் வருசத்துப் பேட்டன்ட் சட்டத்துல 10ஆம் பிரிவு இருக்குது. உன்ற கண்டுபிடிப்பை முழுசா விவரிச்சு எழுதோணும், கடைசியில எதுவரைக்கும் உரிமை கேக்கறோம்னு எல்லை கட்டிக் கிளெய்ம் எழுதோணும்னு அது சொல்லுது. கெணத்துல தண்ணி ஊறுது, மேவரப்புல எளனி மரம் நிக்குதுன்னு பத்திரத்துல எத்தனை வர்ணிச்சாலும், தகராறுன்னு வந்தா ஜட்ஜ் படிக்கறது வடக்கே எது, தெக்கே எதுங்கற நாலு வரியைத்தான். உன்ற இருபது பக்க விவரமும் படமும் வர்ணனை. கிளெய்ம்தான் எல்லை. வர்ணனை எதுக்காகும்னா, எல்லையில எழுதின வார்த்தைக்கு அர்த்தம் புரியலைன்னா எட்டிப் பார்த்துக்க ஆகும்.

சரி, உன்னாட்டம் ஒரு தர்மவான் அமெரிக்காவுல இருந்த கதையைச் சொல்றேன் கேளு. செஃப் அமெரிக்கான்னு ஒரு கம்பெனி. மாவுப் பண்டத்தை உறைய வெச்சு விக்கறவங்க. அதை மொறுமொறுன்னு வேக வெக்கற செய்முறைக்குப் பேட்டன்ட் வாங்கினாங்க. கிளெய்ம்ல என்ன எழுதினாங்க? மாவை 400 டிகிரியில இருந்து 850 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் சூடாக்கறதுன்னு. நம்ம கணக்குக்கு 204ல இருந்து 454 டிகிரி செல்சியஸ். அவங்க மனசுல நெனச்சது அடுப்புக்குள்ள அந்தச் சூடு இருக்கோணும்னு. எழுத்துல வந்தது மாவே அந்தச் சூட்டுக்கு வரோணும்னு. மாவு அந்தச் சூட்டுக்கு வந்தா என்னாகும்? கரியாப் போகும். வழக்குல ரெண்டு கட்சிக்காரங்களும் அதை ஒத்துக்கிட்டாங்க.

லேம்ப்-வெஸ்டன்ங்கற கம்பெனி மேல கேசு போட்டு, ‘ஐயா, கரியாக்கறதுக்கா ஒருத்தன் பேட்டன்ட் வாங்குவான், அடுப்புச் சூடுன்னு திருத்திப் படிச்சுக்குங்க’ன்னு செஃப் அமெரிக்கா கெஞ்சுச்சு. 2004ல அங்கத்த ஃபெடரல் சர்க்யூட் அப்பீல் கோர்ட்டு என்ன சொல்லிச்சு தெரியுமா? எழுத்து தெளிவா இருக்குது, அதுக்கு வேற அர்த்தம் இல்லை, உனக்காக நாங்க உக்காந்து கிளெய்மைத் திருத்தி எழுத முடியாதுன்னுருச்சு. எதிராளியோட மாவு அந்தச் சூட்டுக்கு வரவேயில்லை, அவன் தப்பிச்சுட்டான். பேட்டன்ட் மட்டும் செஃப் அமெரிக்காகிட்டப் பத்திரமா இருந்துச்சு. மாவைக் கரிக்கட்டையாக்கி விக்கறவன் எவனாச்சும் வந்தா அவன் மேல தாராளமாக் கேசு போட்டிருக்கலாம்.

பேத்தி இதைக் கேட்டுட்டு ‘அநியாயம் தாத்தா’ன்னா. நான் ஒத்துக்கலை. எல்லைன்னா அதுக்கு ரெண்டு பக்கமும் ஆளு இருக்கறான். அக்கட்டால இருக்கறவன் உன்ற மனசுக்குள்ள எறங்கிப் பார்த்தா தன்ற பட்டறையில வேலை செய்வான்? நீ எழுதின காயிதத்தைப் படிச்சுத்தானே, எங்கே கால் வெக்கலாம், எங்கே வெக்கக் கூடாதுன்னு முடிவு பண்றான்? எழுதினவன் தப்புக்கு அவனைத் தண்டிக்கறதுதான் அநியாயம். நான் அந்த ஜட்ஜுங்க பக்கம்.

ஆனா எல்லா ஜட்ஜும் இப்படி இரும்பாட்டம் இருப்பாங்கன்னு பயந்துறாதே. செங்குத்துன்னு நீ எழுதியிருக்கறயே, அந்த வார்த்தைக்காகவே லண்டன்ல பிரபுக்கள் சபை வரைக்கும் போன கேசு ஒண்ணு உண்டு. கேட்னிக்ங்கற கம்பெனி, கதவுக்கும் ஜன்னலுக்கும் மேல வெக்கற இரும்பு லின்டலுக்குப் பேட்டன்ட் வாங்கியிருந்துச்சு. அதுல பின்பக்கத் தகடு செங்குத்தா நிக்கோணும்னு எழுத்து. ஹில் அண்ட் ஸ்மித்ங்கறவங்க அதே லின்டலைச் செஞ்சாங்க, தகட்டை மட்டும் 6 டிகிரி சாய்ச்சு வெச்சுட்டாங்க. கேட்டா, ‘எங்களது சாய்வுங்க, செங்குத்து இல்லை’. அந்தச் சாய்வால லின்டல் தாங்கற பாரம் எத்தனை கொறைஞ்சுது? 0.6 சதவீதம். நம்ம கொத்தனார் கண்ணுக்கு அது சாய்வாவே தெரியாது.

கீழ்க் கோர்ட்டு ஒண்ணு சொல்லி, அப்பீல் கோர்ட்டு அதைப் பெரட்டி, கடைசியா 1980ல டிப்ளாக் பிரபு முன்னால வந்து நின்னுது. அந்த மனுசன் கெட்டிக்காரன். வக்கீலுங்க பழக்க தோசத்துல பூதக்கண்ணாடி வெச்சு எழுத்தெழுத்தாப் பார்க்கற மாதிரிப் படிக்காதீங்கன்னாரு. அந்தத் தொழில்ல கை பழகினவன் படிச்சா எப்படிப் புரிஞ்சுக்குவான், கணக்கு வாத்தியார் சொல்ற 90 டிகிரியே வேணும்னு எழுதினவன் அடம் பிடிக்கறான்னு நெனப்பானா, இதுதான் கேள்வின்னாரு. கட்டடம் கட்டறவன் எவனும் அப்படி நெனக்க மாட்டான். ஹில் அண்ட் ஸ்மித் தோத்துப் போச்சு. எழுதினவன் எந்த நோக்கத்துக்காக அந்த வார்த்தையைப் போட்டான்னு தொழில்காரன் கண்ணோட படிக்கறதுன்னு அன்னிக்கு உண்டான முறையைத்தான் பொறவு ஊர் ஊராக் கோர்ட்டுங்க எடுத்துக்கிச்சு.

‘அப்போ என்ற செங்குத்தும் பொழைச்சுக்கும்’னு உடனே மொகம் மலருது பாரு உனக்கு! கேட்னிக்காரன் ஜெயிச்ச கதை தெரிஞ்சவன் எல்லாம் ரிமிங்டன் கதையையும் தெரிஞ்சு வெச்சுக்கோணும்.

பேத்தி கொஞ்சம் கூச்சப்பட்டுக்கிட்டேதான் சொன்னா. பொம்பளைங்க கால்ல இருக்கற முடியைப் பிடுங்கற எபிலேடின்னு ஒரு கருவி. இஸ்ரேல்ல ஒரு கூட்டுப் பண்ணையில பொறந்தது. அதோட வித்தை என்னன்னா, சுருள் ஸ்பிரிங் ஒண்ணை வில்லாட்டம் வளைச்சு மோட்டார்ல சுத்த விடறது. வளைவுல வெளிப்பக்கம் சுத்து விரியும், முடி உள்ளே போகும். உள்பக்கம் வந்ததும் சுத்து நெருங்கும், முடி மாட்டிக்கும், வெடுக்குன்னு வந்துரும். ரிமிங்டன் கம்பெனி ஸ்பிரிங்கை எடுத்துப்போட்டுட்டு, வெட்டு வெட்டாக் கீறின ரப்பர் தண்டு ஒண்ணை வெச்சுது. வித்தை அதேதான். பேட்டன்ட்ல இருந்த வார்த்தை ‘சுருள் ஸ்பிரிங்’.

1989ல லண்டன்ல ஹாஃப்மன் ஜட்ஜு மூணு கேள்வி கேட்டாரு. மாத்தினதால வேலை செய்யற விதம் மாறுதா? மாறாது. அது மாறாதுன்னு தொழில் தெரிஞ்சவனுக்கு அப்பவே பளிச்சுன்னு தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்கும். ரெண்டும் எபிலேடிக்காரனுக்குச் சாதகம். மூணாவது: இத்தனை இருந்தும், எழுதின வார்த்தையைப் பார்த்தா, ஸ்பிரிங்தான் வேணும், வேற ஆகாதுன்னு எழுதினவன் சொல்ற மாதிரித் தொழில்காரனுக்குத் தோணுமா? தோணும்னுட்டாரு ஹாஃப்மன். ரப்பர் தண்டை எந்தக் கோணத்துல பார்த்தாலும் ஸ்பிரிங் ஆகாதே. ரிமிங்டன் ஜெயிச்சுது.

கூத்து இதோட முடியலை. அதே ஐரோப்பிய பேட்டன்ட், அதே ரப்பர் தண்டு, ஜெர்மனியில டுசல்டார்ஃப் கோர்ட்டுக்குப் போச்சு. அங்கே ரிமிங்டன் தோத்துப்போச்சு! ரெண்டு நாட்டுலயும் முடி என்னமோ ஒரே மாதிரித்தான் பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. பொறவு 2017ல எலி லில்லி மருந்துக் கம்பெனியோட வழக்குல இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டே கொஞ்சம் எறங்கி வந்துச்சு. பெமிட்ரெக்செட் டைசோடியம்னு எழுதின கிளெய்மை, சோடியத்துக்குப் பதிலா வேற உப்புப் போட்ட ஆக்டேவிஸ் கம்பெனியும் மீறியிருக்குதுன்னு தீர்ப்பு. எழுத்துக்குள்ள வராட்டியும் அதுக்குச் சமானமா இருந்தாப் போதும்னு அங்கேயும் ஆயிருச்சு. அதுக்காக நீ சமானத்தை நம்பி உக்காந்துக்காதே. அதை வெச்சு ஜெயிக்கறதுக்கு உன்ற தேங்காய் மெஷின் வித்த காசு பத்தாது.

அமெரிக்காக்காரனுக்கு இன்னொரு தகராறு. வார்த்தைக்கு அர்த்தம் சொல்றது ஜூரியா, ஜட்ஜா? சலவைக் கடையில துணி எங்கே போகுது எங்கே வருதுன்னு கணக்கு வெக்கற மார்க்மன்ங்கறவரோட பேட்டன்ட்ல ‘சரக்கு இருப்பு’ன்னு ஒரு சொல்லு. துணியா, வெறும் பணக் கணக்கா? 1996ல அங்கத்த சுப்ரீம் கோர்ட்டு, அர்த்தம் சொல்றது ஜட்ஜோட வேலைன்னு முடிச்சு வெச்சுது. நமக்கு ஜூரியும் இல்லை, அந்தத் தொந்தரவும் இல்லை. 2005ல ஃபிலிப்ஸ்ங்கறவரோட வழக்குல, அகராதியை மொதல்ல எடுக்காதீங்க, பேட்டன்ட்ல எழுதின விவரத்தையும் பேட்டன்ட் ஆபீஸோட நடந்த கடிதப் போக்குவரத்தையும் மொதல்ல பாருங்கன்னு ஃபெடரல் சர்க்யூட் சொல்லிச்சு.

அந்தக் கடிதப் போக்குவரத்துன்னு சொன்னேனே, அதைக் காது குடுத்துக் கேளு. உன்ற வாய்க்கு அதுதான் வெனை. கிண்டி பேட்டன்ட் ஆபீஸ்ல இருந்து பரிசோதனை அறிக்கைன்னு ஒண்ணு வரும். ‘இதே மாதிரி உருளை வெச்ச மெஷின் முன்னாலயே இருக்குதே’ன்னு கேப்பாங்க. நீ என்ன பண்ணுவே? பதறிப் போய், ‘ஐயா, அவங்களது வழவழன்னு இருக்கற உருளை, என்றது பல்லு வெச்சது, பல்லு இல்லாததுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லீங்க’ன்னு ரெண்டு பக்கம் எழுதிப் போடுவே. பேட்டன்ட் கெடைக்கும். அஞ்சு வருசம் கழிச்சு எவனாச்சும் பல்லு இல்லாம வேற வழியில செஞ்சா, கோர்ட்டுல எதிராளி வக்கீல் உன்ற கடிதத்தையே எடுத்து உன்ற மொகத்துக்கு நேரா ஆட்டுவாரு.

சாயத்தைச் சுத்தப்படுத்தற வழிமுறை ஒண்ணுக்கு ஹில்டன் டேவிஸ்ங்கற கம்பெனி அமெரிக்காவுல பேட்டன்ட் கேட்டுச்சு. அமிலக்காரத் தன்மை 9க்கு மேல இருக்கற வழிமுறைக்கு வேற பேட்டன்ட் ஒண்ணு முன்னாலயே இருந்துச்சு. அதுல இருந்து விலகி நிக்கறதுக்காக, ‘சுமார் 6.0ல இருந்து 9.0 வரைக்கும்’னு எல்லை போட்டாங்க. 9 போட்டதுக்குக் காரணம் இருக்குது. 6 எதுக்குப் போட்டாங்க? ஒருத்தருக்கும் தெரியலை. எதிராளி 5.0ல வேலை செஞ்சான். 1997ல சுப்ரீம் கோர்ட்டு, காரணம் சொல்ல வேண்டியது எழுதினவன் பொறுப்பு, சொல்ல முடியலைன்னா அந்த எடத்தை நீயே விட்டுக் குடுத்ததாத்தான் எடுத்துக்குவோம்னு சொல்லிச்சு. உன்ற பச்சைப் பெயின்ட்டுக்கு என்ன காரணம்? ‘என்ற சம்சாரத்துக்குப் புடிக்கும்’னு ஜட்ஜுகிட்டச் சொல்லுவியா?

வெளியூர்க் கதை போதும். நம்ம மெட்ராஸ் ஐகோர்ட்டுல நடந்த பைக்கு வழக்கு உனக்கே தெரிஞ்சிருக்கும், பல்சர் வெச்சிருந்தவன்தானே நீ. பஜாஜ்காரங்க 2002 ஜூலையில விண்ணப்பம் போட்டு, சின்ன எஞ்சின்ல ரெண்டு ஸ்பார்க் பிளக் வெக்கறதுக்குப் பேட்டன்ட் வாங்கினாங்க. அதைத்தான் டிடிஎஸ்-ஐன்னு வண்டி மேல எழுதி ஓட்டினாங்க. இதுல ஒரு சூட்சுமத்தைப் பாரு. ரெண்டு பிளக்குங்கறது உலகத்துல புதுசில்லை. அதனால சிலிண்டர் விட்டம் 45 மில்லிமீட்டர்ல இருந்து 70 மில்லிமீட்டருக்குள்ளன்னு எண் போட்டு எல்லை கட்டினாங்க. ‘சின்ன எஞ்சின்’னு மட்டும் எழுதியிருந்தா, எது சின்னது எது பெருசுன்னே பத்து வருசம் வாதம் நடந்திருக்கும். உன்ற பச்சைக்கும் அந்த 45க்கும் வித்தியாசம் இதுதான்: அந்த எண்ணுக்கு ஒரு வேலை இருந்துச்சு.

2007ல ஓசூர் டிவிஎஸ்காரங்க ஃப்ளேம்னு 125 சிசி வண்டி கொண்டாந்தாங்க. அதுலயும் ரெண்டு பிளக். ஆனா வால்வு மூணு. பஜாஜ்ல வால்வு ரெண்டு. இவங்க மேல அவங்க, அவங்க மேல இவங்கன்னு மெட்ராஸ்ல வழக்கு. 2008 பிப்ரவரியில தனி நீதிபதி, நோக்கம் பார்த்துப் படிச்சு, சாரம் ஒண்ணேதான்னு இடைக்காலத் தடை போட்டாரு. டிவிஎஸ் ஒத்தைப் பிளக்கை மாட்டி வண்டியை வித்துச்சு. 2009 மே மாசம் ரெண்டு நீதிபதி அமர்வு அந்தத் தடையை எடுத்துருச்சு. அதே காயிதம், அதே கட்டடம், ஒண்ணேகால் வருசத்துல ரெண்டு விதமாப் படிச்சாச்சு. செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, ‘வண்டியை வித்துக்கோ, கணக்கு வெச்சுக்கோ, வழக்கைச் சீக்கிரம் முடிங்க’ன்னு சொல்லி, இந்த மாதிரி வழக்குகளைத் தினமும் எடுத்து நாலு மாசத்துல முடிக்கோணும்னு ஊருக்கே உத்தரவு போட்டுச்சு. அந்த நாலு மாசம் நீண்டு நீண்டு, 2019ல ரெண்டு கம்பெனியும் தாங்களாவே சமாதானம் பேசிக்கிட்டாங்க. கடைசித் தீர்ப்பு வராமலேயே போச்சு.

இப்போ நீ ஒரு குறுக்கு யோசனை வெச்சிருக்கறே, உன்ற மூஞ்சியிலயே எழுதியிருக்குது. ‘சரி மாமா, எல்லாத்தையும் அடிச்சுப் போட்டுட்டு, தேங்காய் உரிக்கும் எந்த இயந்திரமும்னு ஒரே வரி எழுதிடறேன்.’ எழுது, எழுது. பொள்ளாச்சியில பாரை நட்டு உரிக்கறவன் பாட்டன் காலத்துல இருந்து இருக்கறான். அவன் எதிர்ல வந்து நின்னா உன்ற பேட்டன்ட் அன்னிக்கே காலி. பழசுகிட்ட இருந்து தப்பிக்கறப்போ, ‘என்றது பல்லு உருளை மட்டும்தானுங்க’ன்னு குறுக்கிப் படிக்கச் சொல்றதும், எதுத்த பட்டறைக்காரனைப் பிடிக்கறப்போ, ‘எல்லா உருளையும் என்றதுதானுங்க’ன்னு விரிச்சுப் படிக்கச் சொல்றதும் நடக்காது. ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். கிளெய்முங்கறது இஷ்டத்துக்கு அக்கட்டயும் இக்கட்டயும் திருகிக்கற மெழுகு மூக்கு இல்லைன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1886லயே சொல்லிருச்சு. அது டப்பாவுல இறால் அடைக்கறவங்க தகராறு. இறாலுக்கே அத்தனை கண்டிப்புன்னா தேங்காய்க்கு எத்தனை இருக்கும்?

அதனால ஒண்ணாவது கிளெய்ம்ல, மெஷின் உரிக்கறதுக்கு எது இல்லாம ஆகாதோ அதை மட்டும் வை. எதிரெதிராச் சுத்தற உருளை, அதுல பல்லு, மேல அழுத்தம் குடுக்கற ஏற்பாடு. மோட்டாரை விட்டுத் தள்ளு, நாளைக்கு ஒருத்தன் டிராக்டர்ல பெல்ட் மாட்டிச் சுத்துவான். பல்லு ஆறுங்கறது ரெண்டாவது கிளெய்ம்ல வரட்டும், கோணம் மூணாவதுல வரட்டும். பெருசு போச்சுன்னா சிறுசாவது நிக்கும். ‘மட்டும்’ங்கற வார்த்தை எங்கே இருந்தாலும் அடி. ‘சுமார்’னு போட்டா எத்தனை வரைக்கும் சுமார்னு விவரத்துல சொல்லி வை. இப்பவே செய், ஏன்னா ஃபைல் பண்ணினதுக்கப்பறம் 59ஆம் பிரிவு எல்லையைக் குறுக்க விடும், அகலப்படுத்த விடாது.

அதுக்கு முன்னால ஒரு காரியம் பண்ணு. உன்ற பட்டறையில வேலை பார்க்காமலே கூலி வாங்கறதுல கெட்டிக்காரன் ஒருத்தன் இருக்கறானே, அந்த லேத்துக்காரப் பையன். அவன்கிட்ட ரகசியம் காப்பேன்னு கையெழுத்து வாங்கிக்கோ, வெளிய தெரிஞ்சா புதுசுங்கற தகுதியே போயிரும். பொறவு காயிதத்தைக் கையில குடுத்து, ‘இதுல எழுதியிருக்கறதுல மாட்டாம இதே வேலையைச் செய்யற மெஷின் ஒண்ணு வரைஞ்சு கொண்டா’ன்னு சொல்லு. ஒரு வாரம் விடு. அவன் கொண்டாந்தான்னா, ஓட்டை எங்கேன்னு தெரிஞ்சு போச்சு, அடைச்சுட்டு மறுபடியும் அவன்கிட்டயே குடு. அவனாலயே முடியலைன்னு வந்து நிக்கறப்போ கிண்டிக்கு அனுப்பு. ஆனா அதோட அவன் சம்பளத்தையும் ஏத்திக் குடுத்துரு மாப்பிள்ளை. இல்லைன்னா எதுத்த பட்டறைக்காரன் ஏத்திக் குடுத்துருவான்.